கற்பூரம் பட்ட ஹெல்மெட்

என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. அவள் ரேஸில் ஓட்டும் குட்டி பைக் என் முழங்கால் உயரம்தான் இருக்கும். பார்ப்பவர்கள் பொம்மை என்று சிரிப்பார்கள். அந்தப் பொம்மை வளைவில் சாயும்போது அவள் முட்டி தரையை உரசும். அதனால் ஓட்டச் சொல்லிக்கொடுக்கும் மாஸ்டர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தோல் சூட், முதுகுக் கவசம், கையுறை, பூட்ஸ், ஹெல்மெட், இதில் ஒன்று இல்லையென்றாலும் டிராக்கில் கால் வைக்கக் கூடாது.

என் மனைவிக்கு இந்த ஓட்டமே பிடிக்காது. முதல் ரேஸுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "எட்டு மாசமா வயித்துல நெருப்பக் கட்டிகினு கீறேன். ஆத்தா முன்னாடி வெச்சுப் படைக்காம ஹெல்மெட்ட அவ தலையில மாட்டக் கூடாது" என்றாள். அந்த அளவுக்கு அவள் இறங்கி வந்ததே எனக்குப் பெரிய நிம்மதி.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தில் கருமாரி படத்துக்கு முன்னால் ஹெல்மெட்டை வைத்துச் சந்தனம், குங்குமம் இட்டேன். நான் அம்பத்தூரில் ஃபைபர் பட்டறையில் வேலை செய்கிறேன். அங்கே ஆயுத பூஜையன்று பிரஸ் மிஷின் மேலேயே வெற்றிலை வைத்துக் கற்பூரம் ஏற்றுவோம். இரும்பு தாங்கும். அந்தக் கைப்பழக்கத்தில், யோசிக்காமல், ஹெல்மெட்டின் உச்சியில் வெற்றிலை வைத்து இரண்டு கட்டியை ஏற்றிவிட்டேன். மனைவி அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தாள். "தாயே, என் பொண்ணு தலைய நீதான் காக்கணும்" என்று கண்ணை மூடி வேண்டினேன். கண்ணைத் திறந்தபோது பெயிண்ட் கருகும் நாற்றம்.

இலைக்கு அடியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் கொப்புளம் கிளம்பியிருந்தது. உள்துணியை விலக்கித் தெர்மாகோலை அழுத்தினேன். கட்டைவிரல் உள்ளே இறங்கியது. சூடு கண்ட ஃபைபர் அடி தாங்காது என்பது பட்டறையில் நான் தினமும் பார்ப்பது. சொன்னால் மனைவி, ஆத்தாளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்று மகளை இனி வண்டி தொடவே விடமாட்டாள். சொல்லாவிட்டால் என் மகள் அதைத்தான் மாட்டிக்கொண்டு ஓட்டுவாள். பூஜை அலமாரியில் அம்மன் ஸ்டிக்கர் ஒன்று இருந்தது. அதை எடுத்துக் கொப்புளத்தின் மேல் ஒட்டினேன்.

சனிக்கிழமை முழுக்க மகள் அதை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் நின்றாள். எனக்குச் சோறு இறங்கவில்லை. "இன்னாங்க, ரேஸ் உங்களுக்கா அவளுக்கா?" என்று மனைவி கேலி செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை, பூந்தமல்லி தாண்டிய மைதானத்தில், பிள்ளைகளின் கவசங்களைச் சோதிக்கும் மேஜைக்கு முன் வரிசையில் நின்றோம். அங்கேதான் மகளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"தெரியும்ப்பா" என்றாள். "மாட்டுனா கற்பூர வாசன வருது. நேத்தே ஸ்டிக்கர உரிச்சுப் பாத்துட்டு ஒட்டிட்டேன். நீ வாயத் தொறக்காத. அம்மாக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நான் வுழ மாட்டேன்."

அதுவரை இந்தப் பொய்யில் நான் ஒருவன்தான் சிக்கிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

சோதிப்பவர் கையுறைத் தையலை இழுத்துப் பார்த்தார். முதுகுக் கவசத்தைத் தட்டிப் பார்த்தார். ஹெல்மெட்டைத் திருப்பினார். "ஆத்தா துணைக்குக் கீறாளா, நல்லதுண்ணே" என்று சொல்லி, அம்மனுக்குப் பக்கத்திலேயே, சோதனையில் தேறியதற்கான பச்சைச் சீட்டை ஒட்டிவிட்டார். மகள் என் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தாள். நான் நகராமல் நின்று, கையை நீட்டி ஸ்டிக்கரை உரித்தேன்.

"இன்னாண்ணே இது?"

"கற்பூரம் ஏத்திட்டேன் சார்."

பின்னால் நின்ற ஒருவர், "ஹெல்மெட்டுக்கே தீமிதியா அண்ணாத்தே?" என்றார். வரிசையே சிரித்தது. சோதிப்பவர் சிரிக்கவில்லை. கறுப்பு மார்க்கரால் ஹெல்மெட்டின் நெற்றியில் பெருக்கல் குறி போட்டார். மாஸ்டர் ஓடிப்போய் மற்ற பிள்ளைகளின் ஹெல்மெட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தார். ஒன்று காதுக்குக் கீழே இறங்கவில்லை, இன்னொன்று தலையில் சுற்றியது. உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போய்விட்டார்.

மகள் சூட்டைக் கழற்றவில்லை. அந்த வெயிலில், கழுத்து வரை ஜிப்பை ஏற்றியபடி, கடைசி ரேஸ் முடியும்வரை டயர் அடுக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை.

மனைவி போன் செய்தாள். "முடிஞ்சுதா? புள்ள நல்லா கீறாளா?"

"நல்லா கீறா" என்றேன்.

"எத்தினியாவதா வந்தா?"

மகள் கையை நீட்டிப் போனை வாங்கிக்கொண்டாள். "வண்டி செயின் அறுந்துகிச்சும்மா. அடுத்த வாட்டி ஓட்டுறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

ஷேர் ஆட்டோவில் திரும்பினோம். அவள் சூட்டோடு ஜன்னல் ஓரம், நான் மடியில் ஹெல்மெட்டோடு. திருவேற்காட்டில் கருமாரி கோயில் கோபுரம் தெரிந்ததும் எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் அந்தப் பெருக்கல் குறியை இரண்டு உள்ளங்கையாலும் மூடியபடி உட்கார்ந்திருந்தேன்.