பதினான்காம் நம்பர் குரல்

போன வியாழக்கிழமை ஒரு தகப்பனார் என்னைத் தேடிக் கல்லூரிக்கு வந்தார். கையில், மகளின் டி.சி. கேட்டு எழுதிய விண்ணப்பம். பின்னால் மகள்.

அந்த விண்ணப்பத்துக்குக் காரணம் நான்தான். அதை ஒப்புக்கொள்ளத்தான் இந்த வாரப் பத்தி.

உத்தமபாளையத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளுகிறவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். இந்த வருஷம் எங்களுக்கு லாங்குவேஜ் லேப் வந்தது. முப்பத்திரண்டு கம்ப்யூட்டர், முப்பத்திரண்டு ஹெட்செட். எல்லாம் என் மேஜையில் இருக்கும் சர்வரோடு வயரில் இணைந்தவை. நான் இங்கிருந்து ஒரு பாடத்தை ஒலிக்கவிட்டால் அத்தனை காதிலும் கேட்கும். மாணவிகள் பேசினால் அது அவர்கள் முன்னால் இருக்கும் பெட்டியில் தங்காது. நேராக என் சர்வருக்கு வந்து பதிவாகிவிடும். சிஸ்டம் நம்பர்தான் ஃபைலின் பெயர். எந்த நம்பரில் யார் என்று முதல் நாளே பட்டியல் போட்டுவிட்டேன்.

எவ்வளவு வசதி! வகுப்பில் நடக்க வேண்டாம். தொண்டை வலிக்கக் கத்த வேண்டாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் கேட்கலாம்.

வாரம் ஒரு தலைப்பு, ஆளுக்கு இரண்டு நிமிஷம். பேச்சுக்கு இருபது மார்க். பதினான்காம் நம்பர் முருகேஸ்வரி — காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறவள் — அருமையாகப் பேசினாள். பதினெட்டு போட்டேன். பதினைந்தாம் நம்பர் ரஷீதா, உள்ளூர்ப் பெண். அவள் ஃபைலில் சத்தமே இல்லை. குரலுக்குத் தக்கபடி ஏறி இறங்க வேண்டிய கோடு, ஸ்கிரீனில் நேராகக் கிடந்தது. ஒரு வாரமல்ல, ஐந்து வாரம். திமிர் என்று நினைத்தேன். பூஜ்யம் போட்டேன்.

மார்க்கை நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்று ரஷீதா வந்து நின்றாள். "சார்..." என்று இழுத்தாள். அதற்குமேல் நான் விடவில்லை.

"உன் ஃபைல்ல சத்தமே இல்லைம்மா. சர்வர் பொய் சொல்லாது."

தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். அடுத்த நான்காம் நாள் தகப்பனார் வருகிறார்.

அவர் தேங்காய் வியாபாரி. கோபமாகப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். நிதானமாகப் பேசினார்.

"முக்காடு மைக்க மறைச்சிருச்சு போலருக்கு, அதான் சத்தம் ஏறலைன்னு புள்ள வீட்டுல வந்து அழுகுது சார். முக்காட்ட எடுத்துட்டுத்தான் பேசணும்னா எங்களுக்குத் தோதுப்படாது. உங்க மேல கோவமில்ல. நிறுத்திக்கிறோம்."

முக்காட்டுத் துணி அப்படியெல்லாம் குரலைத் தடுத்துவிடாது. ஆனால் வேறு காரணம் தெரியாத பெண் என்ன செய்வாள்? பழியைத் தன் தலைத்துணியின் மேலேயே போட்டுக்கொண்டாள். அதற்காக இப்போது படிப்பே நிற்கப்போகிறது.

அப்போதுதான் ரஷீதா வாயைத் திறந்தாள்.

"சார் மேல தப்பில்ல அத்தா. நாந்தேன் இன்னுஞ் சத்தமாப் பேசிருக்கணும்."

தூக்கிவாரிப் போட்டது எனக்கு. அந்தக் குரல்! ஐந்து வாரமாக என் காதில் இருந்த குரல். பதினான்காம் நம்பர்.

"நீ எந்த சிஸ்டத்துலம்மா உக்கார்றே?"

"பதினாலு சார்."

"பட்டியல்ல பதினஞ்சுதானே?"

"பதினஞ்சுல இருக்க ஹெட்செட்டு இறுக்கம் சார், முக்காட்டுக்கு மேல ஏறலை. பதினாலு தொளதொளன்னு இருக்கும். முருகேஸ்வரிதேன் 'நீ இங்கன வந்து உக்காருடி'ன்னு மாறிக்கிட்டா. மொத நாள்லருந்தே அப்படித்தேன்."

ஹெட்செட்டைக் கழற்றி மாற்ற முடியாது. காணாமல் போய்விடக் கூடாதென்று வயரையெல்லாம் பூட்டிவைத்தவன் நான். அதனால் பெண்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். எனக்கு எதிரே, பத்தடி தூரத்தில். நான் ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தகப்பனாரையும் மகளையும் லேபுக்கு அழைத்துப்போய், பதினான்காம் ஃபைலை ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டேன். முதல் வாரத் தலைப்பு — என் குடும்பம். ஒரு நிமிஷம் தாண்டியதும், ஆங்கிலத்துக்கு நடுவே 'அத்தா' என்று ஒரு சொல் வந்தது. தகப்பனார் நிமிர்ந்தார்.

"என்னையவா சார் சொல்றா?"

"ஆமா. 'எங்க அத்தாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனா நான் படிக்க உக்காந்தா, யாரும் சொல்லாமலே எழுந்துபோய் டிவி சத்தத்தைக் குறைச்சிடுவார்'னு சொல்றா."

அவர் மகளைப் பார்க்கவில்லை. ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா வைங்க சார்."

வைத்தேன். முடிந்ததும் விண்ணப்பத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. கிளம்பியவர் வாசலில் நின்றார்.

"அப்பாவ 'அத்தா'ன்னு எங்க ஆளுக வீட்டுலதான சார் கூப்புடுவாக? முழுசாக் கேட்டிருந்தீகன்னா, மொத வாரமே தெரிஞ்சிருக்குமே..."

நான் முழுதாகக் கேட்டதே இல்லை. ஆளுக்குப் பத்து வினாடி. உச்சரிப்பு சரியா? மார்க். அடுத்த ஃபைல். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் முருகேஸ்வரியைக் கூப்பிட்டேன். வந்ததும் அழுதுவிட்டாள்.

"நான் பேசவேயில்ல சார், பயந்துக்கிட்டு. போர்டுல பதினெட்டுன்னு போட்டிருந்துச்சு. யார்ட்டப் போயிச் சொல்ல?"

ஒரு பெண் ஐந்து வாரமாகப் பயத்தில் வாயடைத்து உட்கார்ந்திருந்ததும் எனக்குத் தெரியவில்லை, பாருங்கள். எதிரே நாற்காலி போட்டு, ஹெட்செட் இல்லாமல் பேசச் சொன்னேன். தட்டுத் தடுமாறி ஆறு வாக்கியம் பேசினாள். அதற்குரிய மார்க் அவளுக்கு; பதினெட்டு ரஷீதாவுக்கு. நல்லவேளை, பட்டியல் இன்னும் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கவில்லை.

முப்பத்திரண்டு பேரையும் ஒரே இடத்தில் இருந்து கேட்க ஓர் ஏற்பாடு செய்தோம். ஒருத்தியைக்கூட நான் கேட்கவில்லை.

இப்போது பழைய ஃபைல்களை, நாளுக்கு ஒரு வாரத்துடையது என்று, முழுதாகக் கேட்கிறேன். முப்பத்திரண்டு பேர், அறுபத்து நான்கு நிமிஷம். நான் வீட்டுக்குப் போகிற ஐந்தே கால் தேனி பஸ் தினமும் போய்விடுகிறது... போகட்டும்.