சாமி விளக்கின் பிளக்

புயல் மழை ஓய்ந்து, தோட்டத்து லயனில் எல்லா வீட்டுக்கும் கரண்ட் திரும்பிவிட்டது. எங்கள் வீட்டில் மட்டும், கரண்ட் கசிந்தால் தானாக விழும் டிரிப் சுவிட்ச், மேலே தள்ளத் தள்ள விழுந்துகொண்டே இருந்தது. செண்டாயான் தொழிற்சாலையில் இப்படிப்பட்ட கரண்ட் கோளாறுகளைச் சரிசெய்வதுதான் எனக்கு வேலையே. வயரிங் சான்றிதழும் வைத்திருக்கிறேன். ஆனால் மகள் நான் ஷிப்ட் முடிந்து வருவதற்குள் அப்பா அக்காவின் கணவருக்குப் போன் போட்டுவிட்டார். லாரி ஓட்டும் அத்தான், ரஹாங்கிலிருந்து எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தார்.

"மாப்பிள்ளை வந்துட்டாருலா, இனிமே கவலையில்ல" என்று சொல்லி, அப்பா என் கையில் டார்ச்சைத் திணித்தார். "ஆடாமப் புடி புள்ள. அவருக்கு வெளிச்சம் தெரியணும்."

பிடித்தேன். அத்தான் காதில் டெஸ்டரைச் செருகியிருந்தார். அது நான் வாங்கியது.

கிளை சுவிட்சுகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். ஹால் பிளக்குகளுக்கான சுவிட்சைப் போட்டதும் டிரிப் விழுந்தது. சரியான முறைதான். அவர் சரியாகச் செய்ததுகூட எனக்குப் பிடிக்கவில்லை. ஹாலில் இருப்பதை மனத்துக்குள் வரிசைப்படுத்தினேன்: டிவி, ஐஸ்பெட்டி, காற்றாடி, வைஃபை, தையல் இயந்திரம். ஐந்தையும் கழற்றினார். மறுபடியும் விழுந்தது.

"சுவிட்சுதான் கெட்டுப்போச்சு மாமா. இத விட்டுட்டு டைரக்டா கொடுத்துடலாம்."

அவர் தோற்ற சந்தோஷம் எனக்கு ஒரு நொடிதான் நின்றது. டைரக்டாகக் கொடுத்தால், கசிகிற கரண்ட் அம்மாவின் ஈரக்கையைப் பிடித்தாலும் தடுக்க ஒன்றும் இருக்காது.

"வேணாம் அத்தான், கொஞ்சம் இருங்க."

வாசலில் சாமி மேடையிலிருந்து இன்னும் மழைநீர் சொட்டிக்கொண்டிருந்தது. அங்குள்ள சிவப்பு விளக்கின் வயர் ஜன்னல் வழியாக ஹால் அலமாரிக்குப் பின்னால் வருகிறது. எனக்கு நினைவு தெரிந்து அதை யாரும் கழற்றியதில்லை. அதை ஒரு பிளக் என்றே நாங்கள் நினைப்பதில்லை. என் வரிசையிலும் அது இல்லை.

அலமாரியை நகர்த்தினேன். அப்பா பதறினார்.

"ஏ புள்ள! சாமி லைட்ட யாராச்சும் அணைப்பாங்களா?"

"அது மத்தியானத்துலேருந்தே அணைஞ்சுதான்பா கெடக்கு."

கழற்றினேன். அத்தான் சுவிட்சைத் தள்ளினார். விழாமல் நின்றது.

"மாப்பிள்ளைக்குக் கைராசிலா!" என்றார் அப்பா.

"நான் எங்க மாமா? உங்க மகதான கண்டுபுடிச்சது."

நல்ல மனிதர். அதனால் அவரை முழுதாக வெறுக்கவும் முடியவில்லை.

"ஆமா, ஆமா" என்ற அப்பா அவரிடமே திரும்பினார். "சாமி லைட்ட எப்ப போடலாம் மாப்பிள்ளை?"

அத்தான் காதிலிருந்து டெஸ்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். "அத இவங்ககிட்ட கேளுங்க மாமா."

அப்பா என்னைப் பார்த்தார். "எப்பம்மா போடலாம்?"

"வயர்ல மழைத்தண்ணி எறங்கியிருக்கு. நாளைக்குப் புது வயர் இழுத்துட்டுப் போடலாம்பா."

"அதுவரைக்கும் எண்ணெய் விளக்கு ஏத்தலாமா?"

"ஏத்தலாம்."

தலையாட்டிவிட்டுத் தீப்பெட்டி தேடப் போனார். வருஷக்கணக்காக நான் எதிர்பார்த்த கேள்வி. அதையும் அத்தான் சொல்லித்தான் கேட்டார்.