ஆறாம் கம்பத்தில் இருபத்துமூன்று பேர்

அடையாறு ஆற்றோரக் குடிசைகளில் பதினோரு வருடமாக விரல் குத்தி ரத்தம் எடுத்து வந்தவள் தேவானை. மலேரியாப் பிரிவில் களப்பணி. காய்ச்சல் என்று யார் சொன்னாலும் மோதிர விரலில் ஒரு குத்து, கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு, நோட்டில் ஒரு வரி. மலேரியா என்று முடிவு வந்தால் மாத்திரையோடு திரும்பி வந்து, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் நகருவாள். "அப்பாலிக்கா போட்டுக்கறேன்" என்றவர்களை அவள் ஒருநாளும் நம்பியதில்லை.

1996-இல் அலுவலகத்துக்குக் கணினி வந்தது. மாதம் முழுவதும் எடுத்த ரத்தத்தின் முடிவுகளைப் பரத்வாஜ் என்ற பையன் அதில் ஏற்றுவான். எந்தத் தெருவில் நோயாளிகள் அதிகமோ அந்தத் தெரு பட்டியலில் மேலே வரும். முதல் பத்துத் தெருக்களுக்குக் கொசு ஒழிப்பு ஆட்கள் போவார்கள். யார் அதிகம் கத்துகிறார்களோ அங்கே போவது என்ற பழைய முறையை விட இது மேல் என்று தேவானைக்கே தோன்றியது.

ஆடி மாதப் பட்டியலில் ஆற்றோரமே இல்லை.

அவளுக்குத் தெரிந்து அங்கே முப்பது பேருக்குக் குறையாமல் மலேரியா. அதில் ஒருத்தி கயல். ஐந்து மாதக் கர்ப்பிணி, இரண்டாவது முறையாகக் காய்ச்சல். இன்னொரு முறை வந்தால் கரு தங்காது என்பதைத் தேவானை வேறு இரண்டு பெண்களிடம் பார்த்திருந்தாள்.

"லிஸ்ட்ல இல்லாத இடத்துக்கு ஆள் அனுப்ப மாட்டாங்கம்மா" என்றான் பரத்வாஜ்.

பட்டியலில் முதலில் இருந்தது காந்தி நகரில் ஒரு தெரு. அதில் ஒரே வீட்டு எண்ணில் ஆறு நோயாளிகள். அந்த வீட்டுக்கே போய் மணியடித்தாள். கதவைத் திறந்த ஜானு மாமி நல்ல கோபத்தில் இருந்தார்.

"மறுபடியுமா? மூணு தரம் வந்து தொட்டியை எட்டிப் பார்த்துட்டா. எங்காத்துல ஒருத்தருக்கும் ஜுரம் இல்லை."

"உங்க நம்பர்ல ஆறு பேருக்கு மலேரியான்னு கீதும்மா."

"ஆறு பேரா? இருக்கறதே நானும் அவரும்தான். மீதி நாலு பேர் எங்கே ஒளிஞ்சிண்டிருக்கா, நீயே தேடிக்கோ."

பரத்வாஜ் அச்செடுத்துக் கொடுத்த தாளை அப்போதுதான் பிரித்து, தேவானை பெயர்களைப் படித்தாள். செண்பகம் என்றதும் மாமி நிறுத்தினார்.

"அவ எங்காத்துல பாத்திரம் தேய்க்கறவளாச்சே!"

கயல் அந்தச் செண்பகத்தின் மருமகள். மற்ற நால்வரும் அதே குடும்பம். ஆற்றோரக் குடிசைகளுக்குத் தபால்காரர் வருவதில்லை. அதனால் கடிதமோ ஆஸ்பத்திரிச் சீட்டோ எதுவானாலும், வேலை செய்யும் வீட்டின் எண்ணைக் கொடுப்பதுதான் அங்கே வழக்கம். தேவானையும் குடிசை வாசலில் உட்கார்ந்துகொண்டு, "அட்ரஸ் சொல்லு" என்று கேட்டு, அவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள். பதினோரு வருடமாக அதனால் ஒன்றும் கெடவில்லை. யார் எந்தக் குடிசை என்பது அவள் தலையில் இருந்தது. அந்தத் தலையைக் கணினியில் ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும்தான்.

மறுநாள் குடிசைகளுக்கு எண் போடச் சாக்பீஸோடு போனாள். இரண்டு கதவில் எழுதுவதற்குள் பஞ்சாட்சரம் வழி மறித்தார். மீன்பாடி வண்டி ஓட்டுகிறவர். அங்கே அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

"இன்னா தேவான, நீயுமா? அந்தாண்ட கரைல இப்டித்தான் நம்பர் போட்டானுங்க. மறுமாசம் லாரில ஏத்தி ஊருக்கு வெளிய கொட்டினானுங்க."

"காச்சலுக்குண்ணே."

"அப்பவும் நல்லதுக்குன்னுதான் சொன்னானுங்க. அழி மொதல்ல."

அழித்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. திரும்பும்போது விளக்குக் கம்பத்தைப் பார்த்தாள். மின்வாரியத்தார் அதில் மஞ்சள் பெயிண்டில் 6 என்று எழுதியிருந்தார்கள்.

"கம்பத்த எழுதிக்கிட்டா? யாருக்கு எந்தக் கம்பம் கிட்டன்னு மட்டும்."

பஞ்சாட்சரம் யோசித்தார். "எழுதிக்கோ. கம்பத்தத் தூக்கினு போனா எனக்கின்னா?"

அலுவலகத்தில் பரத்வாஜ் தயங்கினான். "கதவு எண் கட்டத்துல நம்பர் மட்டும்தான்மா எடுக்கும்."

"ஆறுன்றது நம்பர்தான நைனா? தெருவுல ஆத்தோரம்னு போடு."

மூன்று மதியம் அவன் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஆடி மாதப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். புதுப் பட்டியலில் ஆற்றோரம் முதலிடம். கம்பவாரியாகப் பிரித்தபோது மற்றவற்றில் இரண்டு, மூன்று. ஆறாம் கம்பத்தில் மட்டும் இருபத்துமூன்று பேர்.

ஆறாம் கம்பத்துக்குப் பின்னால் பாதியில் நின்றுபோன அடுக்குமாடிக் கட்டடம். அதற்காக வெட்டிய கிணற்றின் மேல் பலகை கிடந்தது. கொசு ஒழிப்பு ஆட்கள் பலகையை நகர்த்தி வாளி இறக்கினார்கள். தெளிந்த தண்ணீர், நிறையக் கொசுப்புழு. கூடி நின்ற பெண்கள் விடியற்காலையில் வேலி நுழைந்து அந்தத் தண்ணீரைத்தான் மொண்டு வந்திருந்தார்கள்; லாரித் தண்ணீரைவிட ருசி.

"மூடிடுவியா?" என்றாள் கயல்.

"மூடினா குடத்த எங்க கொண்டு போவீங்க? புழுவத் தின்னுற மீன் வுட்றாங்க. மீனப் புடிச்சுக் கொழம்பு வச்சீங்க, நானே வந்து பூட்டு போடுவேன்."

ஐப்பசியில் ஆறாம் கம்பத்தில் மூன்று பேர்தான். கயலுக்கு மறுபடி உடம்பு சுட்டது. தேவானை அவள் விரலைக் குத்தி, அன்றே கையோடு கொண்டுபோய், பரிசோதனைக்காரர் நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்கும்வரை நின்றாள். மலேரியா இல்லை, வெறும் சளிக் காய்ச்சல். திரும்பி வந்து சொன்னாள். கயல் சுவரில் சாய்ந்து வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"கஞ்சி குடி" என்றாள் தேவானை. ஏழாம் கம்பத்தில் ஒரு குழந்தைக்குக் குளிர் என்று சொல்லியிருந்தார்கள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.