அத்தையின் கழுத்தில் துடித்தது

அத்தையின் கழுத்தில், தாடைக்குக் கீழே, நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி இருந்தது. அதை முதலில் கண்டுபிடித்தவள் நான்தான் என்று வெகுநாள் சொல்லித் திரிந்தேன். அத்தையும் மாமாவும் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. மூன்றாம் வகுப்பு படித்த நான் பெரும்பாலும் அத்தையிடம்தான் தூங்குவேன். கழுத்தைக் கட்டிக்கொண்டு படுக்கும்போது அந்தக் கட்டி விரலுக்கடியில் மெல்லத் துடிக்கும். அத்தைக்கு மட்டும் இரண்டு இதயம் என்று முடிவு கட்டியிருந்தேன்.

சாலைக் கடைத்தெருவில் மாமாவின் பாத்திரக்கடைக்குப் பக்கத்திலிருந்த டாக்டர், நெறிக்கட்டு என்று மாத்திரை தந்தார். கரையவில்லை. ஊசி குத்திப் பார்க்கச் சொல்லிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பள்ளி விடுமுறையாதலால் நானும் போனேன்.

அங்கே சர்ஜன், மலையாளம் கலந்த தமிழ் பேசும் ஓர் அம்மாள். கட்டியைப் பக்கவாட்டில் தள்ளினார், நகர்ந்தது. மேலும் கீழும் தள்ளினார், நகரவில்லை. ஸ்டெதஸ்கோப்பை அதன்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ஊசி குத்த வேண்டா. முதல்ல ஸ்கேன் எடுக்கட்டும்."

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டில் அது உட்கார்ந்திருந்தது. அபூர்வமான கட்டியாம். ஊசி பட்டிருந்தால் ரத்தம் பீறிட்டிருக்குமாம்.

"கேன்சரா டாக்டர்?" என்றார் மாமா.

"இது அதிகமும் கேன்சரா இருக்காது. பட்சே, குழாயிலேர்ந்து பைய உரிச்சு எடுக்கணும். நாக்குக்கும் குரலுக்கும் போற நரம்பு தொட்டடுத்து உண்டு."

அறுவை சிகிச்சையன்று, கழற்றித் தந்த தாலியைக் கைக்குட்டையில் முடிந்து மடியில் வைத்துக்கொண்டு மாமா அசையாமல் உட்கார்ந்திருந்தார். அப்பா வாங்கி வந்த சாயா ஆடை படிந்து ஆறிப்போனது. கட்டி முழுசாக வந்துவிட்டது என்று டாக்டர் வந்து சொன்னபோதும் அவர் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் எங்களை உள்ளே விட்டார்கள். அத்தையின் கழுத்தில் பெரிய கட்டு.

"நாக்கு நீட்டுங்க அம்மா, நோக்கட்டே," என்றார் டாக்டர்.

அத்தை எல்லார் முன்னாலும் நாக்கை நீட்டினாள். நான் சிரித்துவிட்டேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

"நேரே தன்னே இருக்கு," என்று டாக்டரும் சிரித்தார். "இனி ஏதாவது பேசுங்க."

அத்தை மாமாவைப் பார்த்தாள். குரல் கொஞ்சம் கரகரத்தது.

"கடையப் பூட்டிப் போட்டுட்டா இங்க வந்து நிக்கிய?"

மாமா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கண் விழித்ததும் விழிக்காததுமாக அத்தை திட்டத் தொடங்கிவிட்டாளே, பாவம் என்று நினைத்தேன். ஆறுதலாக அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.