தரங்கம்பாடி நாற்றங்காலில் பொட்டு வைத்த மஞ்சள் பூச்சி

புரட்டாசிக் கடைசியில் தரங்கம்பாடிப் பக்கம் போயிருந்தேன். என் மகளைக் கொடுத்த இடம் அது. சம்பந்தி தேவசகாயம் குத்தகைக்கு நிலம் செய்கிறார். போன சம்பாவில் பாதிக்குமேல் வெண்கதிராகி, மணி பிடிக்காமல் போய்விட்டது. இந்தத் தடவையும் அப்படியானால் வேறு ஆளுக்கு விட்டுவிடுவேன் என்று நிலக்காரர் சொல்லியிருந்தார். நாற்றங்காலில் இரண்டு தினுசுப் பூச்சி பறக்கிறது என்று சம்பந்தி போனில் சொன்னதும் கிளம்பிவிட்டேன். (எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசப் பேச இந்தப் போனே எழுதிக்கொள்கிறது.)

திருப்பனந்தாளில் மதியம் ஒரு மணிக்கு ஏறி, மயிலாடுதுறையில் பஸ் மாறினால் நாலு மணிக்குள் போய்விடலாம். பலகை படிக்க வராதவர்கள் கண்டக்டரைக் கேட்டே ஏறுங்கள், வெட்கமெல்லாம் வேண்டாம். கோட்டை, கடல் எல்லாம் இருக்கிறது. நான் நேரே வயலுக்குப் போனேன்.

பொழுது சாய்ந்ததும் வாசல் விளக்கின் கீழே அன்னக்கூடைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்தோம். விரல் நக அளவில் பூச்சிகள் வந்து விழுந்தன. சிலது வைக்கோல் மஞ்சள், இரண்டு இறக்கையிலும் ஒவ்வொரு கறுப்புப் பொட்டு. அது வெண்கதிரை உண்டாக்குகிற குருத்துப்பூச்சி, எனக்குச் சந்தேகமே இல்லை. மற்றது அதைவிடச் சின்னது, மங்கின பழுப்பு, பொட்டு சரியாகத் தெரியவில்லை. அது வேறு சாதி என்று சம்பந்தி அடித்துச் சொன்னார். இரண்டுக்கும் தனித்தனி மருந்துகூடக் கடையில் சொல்லி வைத்திருந்தார். விடியட்டும் என்றேன்.

விடிந்ததும் போய்ப் பார்த்தால், ஒரு நாற்றின் மேல் மஞ்சளும் பழுப்பும் வாலோடு வால் ஒட்டி உட்கார்ந்திருந்தன. சம்பந்தி குனிந்து பார்த்துவிட்டு மெதுவாக நிமிர்ந்தார்.

"புருஷன் பொண்டாட்டிக்குத் தனித்தனியா மருந்து வாங்கப் பாத்தேனே, சம்பந்தி."

நாற்றின் நுனிகளில் பழுப்புப் பஞ்சு ஒட்டினமாதிரி முட்டைகள். பெட்டைப் பூச்சி தன் வால்ரோமத்தை உதிர்த்து மூடி வைக்கிறது. அப்படியே நட்டால் முட்டையையும் சேர்த்து நடுகிறோம். புழு தண்டுக்குள் போய்விட்டால் மருந்து எட்டுவது கஷ்டம். அன்றைக்கே நடவு என்பதால், நுனியைக் கிள்ளிவிட்டு நடச் சொன்னேன். வந்த பெண்களுக்கு எரிச்சல். அவர்களில் செல்வி என்பவர்தான் கேட்டார்:

"நாத்துக்கு முடி வெட்டி, பவுடர் பூசித்தான் நடணுமா தாத்தா?"

"பவுடர் வேணாம்மா. வெட்டுனாப் போதும்."

கிள்ளின நுனிகளை வைக்கோல் போட்டுக் கொளுத்தினோம். நடவு முடிய சாயந்திரமாகிவிட்டது.

இந்தப் பூச்சியைப் பார்க்கப் போகிறவர்கள் அந்தியில் விளக்கு வையுங்கள், அதுவே தேடி வரும். நட்ட பிறகு நடுக்குருத்து காய்ந்தால் இழுத்துப் பாருங்கள். லேசாகக் கையோடு வந்தால் புழு உள்ளே இருக்கிறது.

தை மாதம் மறுபடி போனேன். வெண்கதிர் அங்கொன்றும் இங்கொன்றும் இருக்கத்தான் செய்தது. நிலக்காரரும் வந்திருந்தார். வரப்பில் நின்றபடியே ஒரு கதிரை உருவி, உள்ளங்கையில் தேய்த்து ஊதி, அரிசியை வாயில் போட்டு மென்றார். பிறகு சம்பந்தியைப் பார்த்து, "அடுத்த சம்பாவுக்கு இதுலயே விதை எடுத்து வச்சுக்கங்க" என்றார்.