மாரிக்கு முன் மூடின தொட்டி

தொட்டியடியில் அம்மா நின்றார். பெரியப்பா நின்றார். பெரியம்மா நின்றார். அண்ணை நின்றார். ஒழுங்கையில் இருந்த மற்ற வீட்டுப் பெண்கள் வாளிகளோடு நின்றார்கள். கள்ளுச் சீவுகிறவரும் மனைவியும் பிள்ளைகளும் வேலிக்கரையில் நின்றார்கள். நானும் நின்றேன். ஐயாவும் மாமாவும் நிற்கவில்லை. அவர்கள் தெற்கே காலிப் பட்டினத்தில், கடையில்.

தொட்டி மாமாவினுடையது. கப்பல் சாமான் விற்ற இடத்தில் வாங்கினவர். கனத்த படங்குத் துணி, சுற்றிவர இரும்புக் கால்கள், அடியில் ஒரு தக்கை. வளவில் நிமிர்த்தினால் என் நெஞ்சளவு வரும். வெள்ளைக்காரர் பிள்ளைகளைக் குளிக்க விடுகிற தொட்டி என்றார். புங்குடுதீவில் வேறு எவரிடமும் அது இல்லை.

கிணற்றுத் தண்ணீர் விட அம்மா சம்மதிக்கவில்லை. எங்களுடையது நல்ல தண்ணீர்க் கிணறு. ஒழுங்கை முழுக்க அதில்தான் குடித்தது.

"குடிக்கிற தண்ணியிலயோ குண்டி கழுவப் போறியள்?" என்று கேட்டார்.

மாமா வண்டில் பிடித்துப் பீப்பாயில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். கடல் கூப்பிடு தூரத்தில்தான் கிடந்தது. எந்த நாளும் போய் விழலாம். ஆனாலும் அதே தண்ணீர் படங்குக்குள் வந்ததும் எங்களுடையதாகிவிட்டது. மண்கும்பானிலிருந்துகூடப் பிள்ளைகள் பார்க்க வந்தார்கள். நான் ஒருவரையும் சும்மா விடவில்லை.

"காலைக் கழுவிப்போட்டு இறங்குங்கோ" என்றேன்.

ஐப்பசி பிறந்தது. கிழக்கே கறுத்தது. மாமா சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். மாரிக்கு முன்னம் தொட்டியை மூட வேண்டும். தக்கையைப் பிடுங்கினால் தண்ணீர் தானே போகும். பிறகு படங்கைக் காயவைத்து, சாம்பல் தூவிச் சுருட்டி, எலி படாமல் கூரை வளையில் கட்டவேண்டும். அவ்வளவுதான்.

பெரியப்பா சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு தக்கைக்குக் குனிந்தார். அம்மா குறுக்கே வந்தார்.

"தொடாதையுங்கோ அத்தான்."

"ஏன்?"

"உது முழுக்க உப்பு. நிலம் கிணத்துப் பக்கம் சரிஞ்செல்லே கிடக்கு."

பெரியப்பா பார்த்தார். சரிந்துதான் கிடந்தது. மாமா அதைப் பார்க்கவில்லை. கோடை முழுக்க நாங்கள் ஒருவரும் பார்க்கவில்லை. விட்டுவைக்கவும் ஏலாது. மழை பெய்தால் நிரம்பி வழியும். உப்பு இறங்கின கிணறு எப்போது திரும்பும் என்று ஒருவருக்கும் தெரியாது.

"அப்ப என்னதான் செய்யிறது?"

"கடலுக்கே கொண்டுபோய் ஊத்துறது."

பெரியம்மா சிரித்தார். "கடலைக் கடலுக்குக் காவுறதோ? ஊர் சிரிக்கும்."

"சிரிக்கட்டும். விடாய்க்குச் சிரிப்பையோ குடிக்கப் போறியள்?"

வண்டில்காரர் ஊர்காவற்றுறைக்குப் போயிருந்தார். கைதான் இருந்தது. அப்போதுதான் சீவுகிறவரின் மனைவி வேலிக்கரையிலிருந்து கேட்டார்.

"நாங்களும் பிடிக்கட்டே நாச்சியார்?"

அம்மா பெரியப்பாவைப் பார்த்தார்.

"கடல் தண்ணிதானே. ஆர் தூக்கினால் என்ன" என்றார் பெரியப்பா.

தூக்கினோம். சீவுகிறவர் தடியில் இரண்டு தகரம் கட்டிக் காவினார். பெரியம்மாவும் சிரிப்பை விட்டுவிட்டுத் தூக்கினார். எங்கள் வாளி அவர்கள் கைக்குப் போனது, அவர்கள் வாளி எங்கள் கைக்கு வந்தது. நான் ஒரு சின்னத் தகரப் பேணியில் கொண்டுபோனேன். பாதி என் சட்டையில். "வளவில சிந்தாதை!" என்று எல்லாரும் என்னைத்தான் ஏசினார்கள். எல்லாரையும்விடக் கூடுதலாகத் தூக்கினது அம்மா. மூச்சு வாங்கினார், ஆனால் குந்தவில்லை. கடைசியில் அடியில் கிடந்ததைச் சீவுகிறவரின் மனைவி பழஞ்சீலையால் ஒற்றி வாளிக்குள் பிழிந்தார்.

படங்கைச் சுருட்டி வளையில் கட்டி முடிய மழை பிடித்தது. காயவைக்க நேரம் இல்லை. அடுத்த கோடைக்கு அது இற்றுப்போயிருந்தது. அம்மா அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் விடியச் சீவுகிறவரின் மனைவி தண்ணீருக்கு வந்தார். அவர்கள் கிணற்றில் அள்ளக்கூடாது. குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். எங்களில் ஒருவர் அள்ளி ஊற்றுவோம். அப்படித்தான் இருந்தது. ஏன் என்று நான் கேட்டதில்லை.

அன்று அம்மா ஊற்றவில்லை. கயிற்றை நீட்டினார்.

"இந்தா, அள்ளு."

"நாச்சியார்?"

"நேற்றுத் தூக்கினதில எனக்குக் கை ஏலாது. அள்ளு."

அவர் சுற்றிவரப் பார்த்தார். பிறகு அள்ளினார். வாளி கிணற்றுக்கட்டில் இரண்டு தரம் இடித்தது. பழக்கமில்லாத கை.

அம்மாவுக்குக் கை ஏலாமல் போனது எனக்குப் பெருமையாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன். பின்னேரம் வந்து பார்த்தால் அம்மா உலக்கை பிடித்து மா இடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் குந்தியிருந்து அரித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் விடியவும் அம்மாவுக்குக் கை ஏலாது. அதற்கடுத்த நாளும் ஏலாது.

அதன்பிறகு பெரியப்பா வீட்டார் தண்ணீருக்கு வரவில்லை. வெகுதூரம் நடந்து கோயிலடிக் கிணற்றில் அள்ளினார்கள். வேறு வீட்டாரும் அங்கேதான் போனார்கள். எங்கேயோ சிந்தின உப்பு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். என் பேணியாகத்தான் இருக்கும் என்று பயந்தேன். ஒருவரும் இல்லாத நேரம் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இனித்தது. அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, தண்ணி நல்லாத்தானே கிடக்கு?"

"ஓம்" என்றார் அம்மா. "இப்பதான் நல்லாக் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை. வராமல் நின்ற வீடுகளை விரல்விட்டு எண்ணினேன்.

ஐந்து.