முள் நின்ற இடம்

வாசகரே, என் கட்சி பேச உங்களை அழைக்கவில்லை; என் அருகே நின்று பார்த்த சாட்சியாக இருந்தால் போதும்.

எழுபதுகளில் ஒரு பிற்பகல். தூத்துக்குடிக் கடற்கரையோரம் மாமாவின் ரேடியோ கடை. எனக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிப் பேச்சுப்போட்டியில் முதற்பரிசு பெற்ற கர்வம் வேறு.

புயல் எச்சரிக்கையைக் கோயில் கோபுரத்து ஒலிபெருக்கியில்தான் சொல்வார்கள். அதன் ஒலியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரில் இருந்த டிரான்சிஸ்டர் என்ற சிறு பாகம் அன்று காலை என் கண்ணெதிரே வெடித்தது. காற்று பலக்கும் என்ற பேச்சு இரண்டு நாளாகவே இருந்தது. அப்பாவோ மீன்பிடிக்க விடியுமுன் வள்ளம் இறக்குகிறவர்; எச்சரிக்கை கேட்காவிட்டால் கடலுக்குப் போய்விடுவார்.

மாமாவிடம் ஒரு டப்பா நிறைய டிரான்சிஸ்டர்கள் இருந்தன. கப்பலில் கழித்த கருவிகளிலிருந்து கழற்றியவை. மேலே எண் இருந்தால், எவ்வளவு வோல்ட் தாங்கும் என்று புத்தகத்தைப் புரட்டி அறியலாம். இவற்றிலோ எண் அழிந்திருந்தது. அளந்துதான் அறிய வேண்டும். மின்னோட்டத்தை மட்டுப்படுத்தும் பெரிய ரெசிஸ்டர் ஒன்றின் வழியே வோல்டேஜைச் சிறிது சிறிதாக ஏற்றினால் மீட்டரின் முள்ளும் ஏறும். அதற்குமேல் குமிழை எவ்வளவு திருகினாலும் முள் எங்கே ஏறாமல் நிற்கிறதோ, அதுவே அந்த டிரான்சிஸ்டர் தாங்கும் எல்லை. ஆம்ப்ளிஃபயருக்கு அறுபது வோல்ட்டாவது தாங்க வேண்டும்.

குமிழ் மேசைக்குக் கீழே, மீட்டர் மேலே. தவறி ஷாக் அடித்தாலும் நெஞ்சு வழியே பாயாதிருக்க, மாமா ஒரு கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு குனிந்தார்.

"வயரத் தொட்டிராதலே, ஆளையே தூக்கி அடிச்சிரும். முள்ளு எங்கன நிக்கின்னு மட்டும் சொல்லு."

முள் அசைந்தது. காலையில் கேட்ட வெடிச்சத்தம் காதுக்குள் எழுந்தது. கண்களை இறுக மூடிக்கொண்டேன்.

"நின்னுட்டாலே?"

"எண்பது!" என்றேன், மேடைக்குரிய குரலில்.

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் மாமா."

மாமா அதை ஆம்ப்ளிஃபயரில் பற்றவைக்கத் தொடங்கினார். ஈயம் உருகிய ஒவ்வொரு கணமும் அப்பாவின் வள்ளம் என் நெஞ்சுக்குள் கவிழ்ந்தது. ஸ்விட்சை நோக்கி அவர் கை நீண்டபோது அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"மாமா... நான் கண்ண மூடிட்டேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். "மேடையில அந்தக் கத்து கத்துத, ஒரு முள்ளப் பாக்கப் பயமாலே?"

அடிக்கவில்லை. கழற்றி மறுபடி அளந்தார். இம்முறை கண்ணிமைக்காமல் பார்த்தேன். முள் முப்பத்தெட்டில் நின்றது. அதே டப்பாவிலிருந்து எடுத்த நான்காவது டிரான்சிஸ்டர் எழுபத்தைந்து வரை தாங்கியது. மாமா அதைப் பொருத்தினார். மேசைக்குக் கீழே குனிந்திருந்ததால் முள்ளைப் பார்க்க முடியாத மனிதர் என் குரலின் உறுதியையே எண்ணாக எடுத்துக்கொண்டார் என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. அடி விழாததே பெரிது என்றிருந்தேன்.

கோயிலில் ஆம்ப்ளிஃபயரை மாட்டி முடித்ததும் மாமா மைக்கை என் வாயருகே நீட்டினார்.

"டெஸ்ட் பண்ணணும்லா? நீயே பேசு. என்ன பேசணும்னு ஒனக்கே தெரியும்."

மைக்கை வாங்கிக்கொண்டேன். கீழே மணலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்து பார்த்தார். கடற்கரை முழுதும் கேட்கச் சொன்னேன்:

"பாக்காதத இனிமே பாத்தேன்னு சொல்ல மாட்டேன்."